அத்தியாயம் 6: பொங்கலுக்குப் பிறகு

பொங்கல் விடுமுறை முடிந்து வருகிற பிள்ளைகளை ஜூன் மாதத்துப் பிள்ளைகளாக நினைத்து நடத்தக் கூடாது. நான்காம், ஐந்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் மூன்றாம் பருவத்தின் முதல் நாளே இதை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏழு மாதமாக அவர்கள் உங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்தால் எதற்கு எழுகிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். சாக்பீஸ் பெட்டி எந்தத் தட்டில் இருக்கிறது, எந்தச் சன்னல் கொக்கி சரியாக மாட்டாது, யார் நோட்டில் எப்போதும் பக்கம் கிழிந்திருக்கும், எல்லாம் அத்துபடி.

நமக்கோ மூன்றாம் பருவப் புத்தகத்தைப் பிரித்ததும் கணக்குப் போடத்தான் தோன்றுகிறது. எத்தனை பாடம், எத்தனை வேலைநாள், ஆண்டு விழா ஒத்திகைக்கு எத்தனை நாள் போகும், பயிற்சிக் கூட்டத்துக்கு எத்தனை நாள் போகும். 2012-13ல் முப்பருவ முறை வந்ததிலிருந்து இந்தப் பருவம்தான் ஆசிரியர்களை அதிகம் விரட்டுகிறது. பதிலுக்கு நாம் பிள்ளைகளை விரட்டுகிறோம்.

நானும் பல வருடம் அப்படித்தான் ஓடினேன். ஒரு மார்ச் மாதம் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். பக்கத்து வகுப்பு ஆசிரியர்தான் இரண்டு வகுப்பையும் சேர்த்துப் பார்த்தார். நான்காம் நாள் வந்து நோட்டுகளைப் புரட்டினால், மூன்று நாளும் ஒரு வரி இல்லை. ஏன் என்று கேட்டேன். "நீங்க எதுவும் சொல்லிட்டுப் போகலயே டீச்சர்" என்றாள் முதல் வரிசையில் இருந்த பெண். அவள் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். ஒன்பது மாதம் என் வகுப்பில் இருந்த பத்து வயதுப் பிள்ளைகளுக்கு, நான் சொல்லாமல் ஒரு புத்தகத்தை எடுத்துப் படிக்கலாம் என்றுகூடத் தெரியவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது. இந்த அத்தியாயம் அந்த நாளிலிருந்து பிறந்தது.

இந்தப் பருவத்தில் உங்களுடைய பெரிய வேலை, வகுப்பை நடத்தும் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் கையில் கொடுப்பது. பாடம் முடிப்பதும் அதோடு சேர்ந்து நடக்கும்.

கரும்பலகையின் மூலை

எல்லா வகுப்பிலும் கரும்பலகையின் மேல் மூலையில் தேதி, வகுப்பு, பதிவு, வருகை என்று எழுதியிருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். வருகைப் பதிவேடு உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். ஆனால் தலையை எண்ணி மூலையில் எழுதுவதை ஒரு பிள்ளை செய்யலாம். எழுதுவதோடு விடாமல் அந்த எண்ணை வைத்து ஒரு கேள்வி கேட்பதும் அந்தப் பிள்ளையின் வேலை. பதிவு 28, வருகை 21 என்றால் வகுப்பில் எத்தனை பங்கு வந்திருக்கிறது? நான்கில் மூன்று. வராதது நான்கில் ஒன்று. 28ல் 25 வந்த நாளில் பின்னம் சுருங்காது. ஏன் சுருங்கவில்லை என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்ளட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் இதற்குத் தேவையில்லை.

இதே போலத் தண்ணீர்க் குடம் நிரப்புவது, நூலகப் புத்தகம் கொடுத்து வாங்குவது, பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலில் பழைய தாள்களை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுவது, மாலையில் சன்னல் சாத்துவது. பொறுப்புகளைப் பட்டியல் போட்டு ஒட்டுவது எளிது. மறுவாரமே அது சுவரோடு சுவராகிவிடும். ஒரு பொறுப்பை ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் இரண்டு வாரம் அதே பிள்ளையிடம் விடுங்கள். இரண்டாம் வாரக் கடைசியில் அடுத்து வருகிறவருக்கு அந்தப் பிள்ளைதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். நீங்கள் சொல்லிக்கொடுக்கக் கூடாது. குடத்தை எப்படிக் கழுவுவது என்று ஒரு பையன் இன்னொருவனுக்குச் சொல்லும்போது தள்ளி நின்று கேளுங்கள். நீங்கள் ஜூனில் சொன்ன சொற்களையே சொல்வான், கூடவே அவனாகக் கண்டுபிடித்த ஒன்றையும் சொல்வான்.

தை மாதம் முழுக்கத் தவறுகள் நடக்கும். புத்தகக் கணக்கு தப்பும், குடம் கவிழும். பொறுமையாக இருங்கள். மாசியில் பாதி சரியாகும். பங்குனியில் காலைக் கூட்டம் முடிந்து நீங்கள் தலைமை ஆசிரியர் அறையில் பத்து நிமிடம் நின்றாலும் உங்கள் வகுப்பு தானாகத் தொடங்கியிருக்கும்.

வெயிலைப் பார்த்து நேர அட்டவணை

மாசி பாதிக்கு மேல் மதியம் இரண்டு மணிக்கு ஓட்டுக் கூரைக்குக் கீழே வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுப்பது யாருக்கும் பயன்படாது. பிள்ளைகளின் கண் சொருகும். நமக்குக் கோபம் வரும். பிப்ரவரியிலேயே அட்டவணையை மாற்றிவிடுங்கள். கணக்கும், தமிழில் எழுதும் வேலையும் முதல் இரண்டு பாடவேளைக்குள் முடியட்டும்.

காலையில் இது முன்பு அவ்வளவு எளிதாக இருந்ததில்லை. வெறும் வயிற்றோடு வந்து உட்காரும் பிள்ளைகள் எத்தனையோ பேர். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதன்பிறகு முதல் பாடவேளையின் முகமே வேறு. கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வரும் பிள்ளையிடம் கடினமான வேலையைத் தயங்காமல் கொடுக்கலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு முதல் அரை மணி நேரம் வாசிப்புக்கு விடுங்கள். பாய் விரித்து, உட்கார்ந்தோ சாய்ந்தோ, சத்தமில்லாமல் படிக்கட்டும். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கென்றே வரும் ‘ஊஞ்சல்’ இதழ்கள் பல பள்ளிகளில் கட்டு பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன; அவற்றை எடுத்து வெளியே வையுங்கள். வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ‘நுழை’ எடுத்தால் தடுக்காதீர்கள். இரண்டு வாரத்தில் அந்தப் பிள்ளையே ‘நட’வுக்குக் கை நீட்டும். அந்த அரை மணி நேரம் நீங்களும் ஒரு புத்தகத்தோடு உட்கார வேண்டும். நோட்டுத் திருத்தினால், படிப்பது பிள்ளைகளுக்கு மட்டுமான வேலை என்று ஆகிவிடும்.

தண்ணீர் மணி உங்கள் பள்ளியில் அடிக்காவிட்டால் வகுப்புக்குள் நீங்களே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, எல்லாரும் ஒரே நேரத்தில் குடிக்க வேண்டும். பெண் பிள்ளைகள் பலர் கழிப்பறைக்குப் போகத் தயங்கியே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். மணி அடித்துக் குடிக்கவைத்தால் மட்டும் போதாது. கழிப்பறையில் வாளியும் தண்ணீரும் இருக்கிறதா என்று தினமும் போய்ப் பாருங்கள்.

ஒரு கம்பும் அதன் நிழலும்

இந்தப் பருவம் முழுவதற்கும் ஒரே ஒரு செயல்பாட்டைத்தான் செய்ய முடியும் என்றால் நான் இதைச் சொல்வேன். செலவு கிடையாது. மூன்று மாதம் ஓடும். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூன்றும் இதற்குள் வந்துவிடும்.

வெயில் படும் இடத்தில் தரைக்கு மேல் சரியாக 1 மீட்டர் இருக்குமாறு ஒரு நேரான கம்பை நடுங்கள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கம்பு சாயாமல் நிற்கிறதா என்று பிள்ளைகளே பார்க்கட்டும். கொத்தனார் வீட்டுப் பிள்ளை யாராவது இருந்தால் தூக்குக் குண்டையே கொண்டுவந்துவிடும். கம்பைச் சுற்றித் தரை மட்டமாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதியை ஒட்டி, 12.10லிருந்து 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வைத்து நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். இருப்பதிலேயே சிறிய அளவுதான் அந்த மாதத்து அளவு. மதுரைப் பக்கத்தில் ஜனவரி 20க்குச் சுமார் 58 செ.மீ. வரும். பிப்ரவரி 20க்கு 38. மார்ச் 20க்கு 17 அல்லது 18. வடக்கே போகப் போக இது கூடும், தெற்கே குறையும். உங்கள் ஊரில் ஒன்றிரண்டு செ.மீ. முன்பின் இருந்தால் தப்பில்லை. கம்பு லேசாகச் சாய்ந்திருந்தாலே அவ்வளவு மாறும்.

அளந்த முதல் நாளே ஒரு கேள்வி வரும். என் வகுப்பில் அதைக் கேட்டவன் பாடப் புத்தகத்தைத் திறக்கவே அலுத்துக்கொள்ளும் பையன். "டீச்சர், பன்னெண்டு மணிக்குத்தான உச்சி வெயிலு? நிழலு இன்னும் சின்னதாகிட்டே போகுதே?" குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கூழாங்கல்லின் மேலேயே கண்ணை வைத்திருந்தான். பிப்ரவரியில் மதுரையில் நிழல் சிறுத்து முடிவது ஏறக்குறைய 12.30க்கு. மார்ச்சில் 12.25, ஏப்ரல் நடுவில் 12.18. நம் கைக்கடிகாரம் இந்தியா முழுமைக்கும் பொதுவான நேரத்தைக் காட்டுகிறது. அந்த நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கக் கோட்டை வைத்துக் கணக்கிடப்பட்டது. மதுரை இருப்பது 78 டிகிரியில். ஒரு டிகிரி கடக்கச் சூரியனுக்கு 4 நிமிடம் ஆகும். நாலரை டிகிரிக்கு 18 நிமிடம். மீதி நிமிடங்கள் மாதத்துக்கு மாதம் கூடிக் குறைவதற்குக் காரணம், பூமி சூரியனைச் சுற்றும் பாதையும் பூமியின் அச்சுச் சாய்வும். ஐந்தாம் வகுப்புக்கு அந்த 18 நிமிடம் போதும். பெருக்கல் வாய்பாடு வானத்தில் வேலை செய்வதை அன்று அவர்கள் பார்த்துவிடுவார்கள்.

மார்ச் அளவு வந்ததும் வரைபடத் தாளில் மூன்று புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மாதத்துக்குச் சுமார் 20 செ.மீ. குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அப்படியானால் ஏப்ரலில்? இங்கே நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது. யாராவது ஒரு பிள்ளை, "நிழலே இருக்காதா?" என்று மெதுவாகக் கேட்கும். வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும். பதிலைச் சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள்.

மார்ச் 20 அல்லது 21ல் இன்னொன்றும் செய்யலாம். காலை பத்திலிருந்து மாலை மூன்று வரை மணிக்கு ஒரு கல் வையுங்கள். அன்று எல்லாக் கற்களும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும். ஜனவரியில் இதையே செய்திருந்தால் கோடு வளைந்திருக்கும். நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்கும்போது பிள்ளைகள் போடும் சத்தம் தலைமை ஆசிரியர் அறை வரை கேட்கும். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவைப்பது நல்லது.

நூல் கட்டிய கிளை

நம் பெரும்பொழுதுக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரைதான் இளவேனில். பள்ளி வளாகத்து மரங்கள் அதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. மாசியில் வேம்பும் அரசும் புங்கும் இலை கொட்டும். கூட்டிக் கூட்டி மாளாது. அந்தக் குப்பைக்கு நடுவே நின்றுதான் இந்தப் பாடத்தைத் தொடங்க வேண்டும்.

இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கிளை. எட்டும் உயரத்தில் இருக்கும் கிளை நுனியில் கலர் நூல் கட்டி, அது தங்களுடையது என்று குறித்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே கிளையைப் பார்த்து ஒரு படமும் மூன்று வரியும் எழுத வேண்டும். "அழகாக இருந்தது" என்று எழுதக் கூடாது. எண்ணியது, அளந்தது, தொட்டது மட்டும். வேம்பின் கொழுந்து செம்பு நிறத்தில் வந்து பச்சையாக மாற எத்தனை நாள் ஆயிற்று? பங்குனியில் முதல் பூ எந்தக் கிளையில், எந்தப் பக்கத்தில்? குயில் சத்தம் முதலில் கேட்ட நாள் எது? அரசங்கொழுந்தை விரலால் தடவிப் பார்த்த ஒரு பெண், "பாப்பா காது மாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தாள். விதியை மீறவில்லை. தொட்டதைத்தான் எழுதினாள்.

தமிழ்ப் பாடத்தில் வர்ணனைக் கட்டுரை எழுதச் சொன்னால் காற்று வீசும், பறவை பாடும், மனம் மகிழும் என்று நாற்பது நோட்டிலும் ஒரே கட்டுரை வரும். இந்தக் கிளை நோட்டிலிருந்து எட்டு வாரத்துக் குறிப்பை எடுத்துக் கட்டுரையாக்கச் சொல்லுங்கள். ஒன்று போல் இன்னொன்று இருக்காது.

பிள்ளைகள் வராத நாட்கள்

இந்தப் பருவத்தில் வருகை குறைவது வழக்கம். மதுரை, உசிலம்பட்டிப் பக்கம் மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோவிலுக்குக் குடும்பத்தோடு போவார்கள். மறுநாள் வகுப்பில் பாதிதான் இருக்கும். நெல்லைப் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவில். புளி உலுக்கும் காலம், மிளகாய் பறிக்கும் காலம் என்று வேறு சில நாட்களும் உண்டு. இவற்றை எல்லாம் ஒழுங்கீனம் என்று ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை. கோவிலுக்குப் போனவர்களைத் திரும்பி வந்ததும் பேசவிடுங்கள். எந்த ஊர், எவ்வளவு தூரம், யார் யார் வந்தார்கள், பெட்டியில் என்ன கொண்டுபோனார்கள். சமூக அறிவியலுக்கு அதைவிட நல்ல பாடம் வேண்டாம். ஆனால் கூலி வேலைக்காகப் பிள்ளை நிறுத்தப்படுவது வேறு விஷயம். மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். போனில் கேட்டால் காய்ச்சல் என்பார்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கூட்டாளியை வைத்துவிடுங்கள். வராதவருக்கு அன்று நடந்ததை அரைப் பக்கத்தில் எழுதிக் கவரில் போட்டு வைப்பது கூட்டாளியின் வேலை. எழுதுகிறவருக்கு அதுவே மீள்பார்வை.

காணாமல் போன சைபர்

பங்குனி வந்ததும் மீள்பார்வை என்ற பெயரில் வினா விடையை ஐந்து தடவை எழுதவைப்பது பழக்கமாகிவிட்டது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறிக்கு 60 என்று பிரித்திருப்பதன் நோக்கமே, கடைசித் தேர்வு ஒன்றை மட்டும் நம்பக் கூடாது என்பதுதான். பழையதைத் திரும்ப எழுதுவதை விட, எங்கே தடுக்கிறது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கண்டுபிடிப்பது மேல். பிள்ளைகளிடமே கேளுங்கள். பாடத் தலைப்புகளை எழுதிப் பக்கத்தில் தெரியும், தடுமாறும், தெரியாது என்று மூன்று கட்டம் போட்டால் பெரும்பாலும் உண்மையைத்தான் குறிப்பார்கள். ‘தடுமாறும்’ கட்டத்தில்தான் உங்கள் வேலை இருக்கிறது.

ஓர் உதாரணம். 618ஐ 6ஆல் வகுக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 13 என்று எழுதுவார்கள். 103 வர வேண்டும். நடுவில் சைபர் காணாமல் போய்விட்டது. "சைபர் போட மறந்துட்ட" என்று சிவப்பு மையில் திருத்தினால் நாளைக்கும் மறக்கும். விளையாட்டு நோட்டுகளை எடுங்கள்: 100 ரூபாய் ஆறு, 10 ரூபாய் ஒன்று, 1 ரூபாய் எட்டு. ஆறு பிள்ளைகளை நிறுத்திப் பங்கு போடச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு நூறு போயிற்று. பத்து ரூபாய் ஒன்றுதான் இருக்கிறது. ஆறு பேருக்கு எப்படிக் கொடுப்பது? கையில் வைத்துக்கொண்டு விழிப்பார்கள். கொடுக்க முடியாது. ஆளுக்கு எத்தனை பத்து ரூபாய்? ஒன்றுமில்லை. அந்த ‘ஒன்றுமில்லை’யை இப்போதே ஈவில் எழுதச் சொல்லுங்கள். பிறகு பத்தைச் சில்லறை மாற்றினால் பதினெட்டு ஒரு ரூபாய், ஆளுக்கு மூன்று. கையில் நின்றுபோன அந்தப் பத்து ரூபாய் நோட்டைப் பார்த்த பிள்ளை அடுத்த தடவை சைபரை விடாது.

ஆறாம் வகுப்புக்குப் போகிறவர்கள்

தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஐந்து வருடம் ஒரே வளாகத்தில் இருந்த பிள்ளை, ஜூனில் பஸ் ஏறி வேறு பள்ளிக்குப் போகப் போகிறது. பாடத்துக்கு ஓர் ஆசிரியர். மணி அடித்தால் முகம் மாறும். சிலர் அங்கே போய்ப் பேச்சையே நிறுத்திவிடுகிறார்கள்.

மார்ச்சில் இரண்டு வாரம் நான்காம் வகுப்பு ஆசிரியரோடு வகுப்பை மாற்றிக்கொள்ளுங்கள். தினம் இரண்டு பாடவேளை போதும். நாளைய அட்டவணையைப் பார்த்துப் பையில் புத்தகம் அடுக்குவதை வகுப்பிலேயே மாலையில் பழக்குங்கள். உங்களிடம் படித்து இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கும் நான்கைந்து பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை வரச் சொல்லி முன்னால் உட்காரவைத்து, நீங்கள் வெளியே போய்விடுங்கள். நீங்கள் இருந்தால் பாடத்தைப் பற்றிக் கேட்பார்கள். இல்லாவிட்டால் உண்மையான கேள்விகள் வரும்: பஸ் போயிட்டா என்ன பண்ணுவ, பாத்ரூம் எங்க இருக்கு, பெரிய அண்ணன்மார் அடிப்பாங்களா, அங்க உனக்குச் சாப்பாட்டுக்கு யாரு கூட?

தேர்வு முடியும் நாளில் மாற்றுச் சான்றிதழ் வேலை, பதிவேட்டு வேலை என்று நீங்கள் தலை நிமிர முடியாது. அதற்கு முந்தின நாளே நிழல் அட்டவணையை எல்லாருக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் கட்டங்கள் நிரம்பியிருக்கும். ஏப்ரல் கட்டத்துக்கு நேரே, நிழல் காணாமல் போகும் தேதியை மட்டும் குறித்துவிடுங்கள்: கன்னியாகுமரி என்றால் 10ஐ ஒட்டி, மதுரை என்றால் 15 அல்லது 16, சென்னை என்றால் 24ஐ ஒட்டி. பெரும்பாலான வருடங்களில் அது தேர்வுக்கு நடுவிலோ விடுமுறையிலோ வந்து விழும். வீட்டு வாசலில் ஒரு கம்பையோ கவிழ்த்த சொம்பையோ வைத்துப் பார்த்தாலும் போதும்.

என் பள்ளியில் கம்பை நான் பிடுங்குவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஏப்ரல் 16 அன்று, ஒரு பதிவேட்டை எடுக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். கேட் ஓரம் ஏழு சைக்கிள் சாய்ந்து கிடந்தது. உள்ளே கம்பைச் சுற்றிப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாடப் புத்தகம் பிடிக்காத அந்தப் பையனுடைய கையில் அவன் அண்ணனின் கைக்கடிகாரம். என்னைப் பார்த்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. "பேசாதீங்க டீச்சர், இன்னும் மூணு நிமிஷம் இருக்கு" என்றான்.

நானும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வட்டத்தில் உட்கார்ந்தேன்.